எண்ணெய் எஞ்சின் பம்புகளின் சுற்றுக் கணக்கும் புல்லிப் பொருத்தமும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரில், பாவின் இழைகளை எண்ணாமல் தறியில் ஏற்றும் நெசவாளி எவரும் இலர். நகரத்தைச் சூழ்ந்த கிராமங்களிலோ, கிணற்றங்கரையில் ஓடும் எஞ்சினின் வேகத்தைக் காதால் கேட்டு மதிப்பிடுவதே பெருவழக்காக இருக்கிறது. "எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, தண்ணீர்தான் வரவில்லை" என்று கோடைதோறும் குடியானவர்கள் முறையிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே மூலகாரணம். கிணறு வற்றிவிட்டதென்று எண்ணி வெடி வைத்து ஆழப்படுத்துவோரும், எஞ்சினுக்கு வலுவில்லையென்று எண்ணிப் புதிதாக வாங்குவோரும் உண்டு. அவ்வாறு பெரும்பொருள் செலவிடுமுன், சில நிமிஷங்களில் முடியக்கூடிய ஒரு பரிசோதனையைச் செய்து பார்த்தல் நலம். எஞ்சினும் பம்பும் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே அப்பரிசோதனை.

ஆரணி வட்டாரத்தில் கமண்டல நாக நதியும் ஏரிகளும் மழையை நம்பியவை. ஆகவே, சம்பா அறுவடைக்குப் பின்வரும் நவரைப் பட்டம் கிணற்று நீரைக் கொண்டே கரையேற வேண்டியுள்ளது. முற்காலத்தில் கவலையும் ஏற்றமுமே கிணற்று நீரை மேலே கொணர்ந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் பொறியியல் வல்லுநர் எண்ணெய் எஞ்சினால் நீரிறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். பின்னர் மின்சார மோட்டார்கள் பெருகின. எனினும், மின் இணைப்புக் கிட்டாத கிணறுகளிலும், மின்தடை நேரும் வேளைகளிலும், கால்வாய் நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றும் இடங்களிலும் எண்ணெய் எஞ்சின் இன்றும் கைகொடுக்கிறது. கவலையில் எருது சோர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் சோர்ந்தாலோ அதன் சோர்வைக் கணக்கினால்தான் அறிய முடியும்.

சுற்று ஏன் முக்கியம்

பம்பினுள் இருக்கும் இம்பெல்லர் என்னும் உட்சக்கரம், தன் நடுவில் புகும் நீரை விளிம்பை நோக்கி வீசுகிறது. அவ்வீச்சே நீரைக் குழாயின் வழியே மேலே தள்ளுகிறது. ஆகையால், உட்சக்கரத்தின் சுற்று மாறினால் நீரின் அளவு, நீர் ஏறும் உயரம், அதற்கு வேண்டிய திறன் ஆகிய மூன்றும் மாறும். ஆயின் மூன்றும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. நீரின் அளவு சுற்றின் விகிதத்தையும், உயரம் அவ்விகிதத்தின் வர்க்கத்தையும், திறன் அதன் கனத்தையும் ஒட்டி மாறும். சுற்று நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், நீரின் அளவு 90 பங்காகவும், உயரம் 81 பங்காகவும், திறன் ஏறக்குறைய 73 பங்காகவும் குறையும். சுற்று நூற்றுக்குப் பத்துக் கூடினால், இவை முறையே 110, 121, 133 பங்காக உயரும்.

இக்கணக்கு கிணற்றடியில் எவ்வாறு பலிக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு குடியானவரிடம் நிமிஷத்துக்கு 650 சுற்றுச் சுற்றும் 6 குதிரைத் திறன் எஞ்சின் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் புல்லியின் குறுக்களவு 14 அங்குலம். பம்புப் புல்லியின் குறுக்களவு 6 அங்குலம். இப்பொருத்தத்தில் பம்பு 60 அடி உயரம் வரை நீரைத் தள்ளும் வலுவுடையது. பம்புப் புல்லி உடைந்துபோக, கடையில் கிடைத்த 7 அங்குலப் புல்லியை அவர் வாங்கி மாட்டுகிறார். பார்வைக்கு ஓர் அங்குலமே வேற்றுமை. ஆனால் பம்பின் சுற்று ஏழில் ஆறு பங்காகக் குறைந்துவிட்டது. நீரேற்றும் உயரமோ 49-இல் 36 பங்காக, அதாவது 44 அடியாகக் குறைந்துவிட்டது.

நீர் பாயவேண்டிய மேட்டு வயல் பம்புக்கு மேல் 25 அடி உயரத்தில் இருக்கிறது என்க. தை மாதத்தில் கிணற்று நீர்மட்டம் பம்புக்கு 10 அடி கீழே இருக்கையில், மொத்த ஏற்றம் 35 அடி. நீர் சற்றுக் குறைவாகவேனும் வந்துகொண்டிருக்கும். புல்லியை மாற்றியதன் குறை அப்போது தோன்றாது. பங்குனியில் நீர்மட்டம் 20 அடி கீழே இறங்கும்போது மொத்த ஏற்றம் 45 அடியாகிறது. 44 அடியை நெருங்க நெருங்க நீர் நூலாக மெலிந்து, பின் முற்றிலும் நின்றுவிடும். எஞ்சின் ஓடும், பம்பும் சுழலும், எண்ணெயும் எரியும், வயலுக்கு ஒரு சொட்டும் வராது. கிணற்றில் நீர் இருக்கவே, நெற்கதிர் வெளிவரும் பருவத்தில் பயிர் காயும். அக்குடியானவர் கிணற்றைக் குறைகூறுவார். குறை இருப்பதோ புல்லியில்.

சுற்றுமானியும் அதன் பிழைகளும்

சுற்றை எண்ணும் கருவிக்கு டாக்கோமீட்டர் அல்லது சுற்றுமானி என்று பெயர். இயந்திரப் பழுது பார்ப்போரிடம் இக்கருவி இருக்கும். இதில் இருவகை உண்டு. தண்டின் முனையில் அழுத்திப் பிடிப்பது ஒரு வகை. சுழலும் பாகத்தில் ஒட்டிய பளபளப்பான துண்டின்மேல் ஒளியைப் பாய்ச்சி எண்ணுவது மற்றொரு வகை. கருவி காட்டும் எண்ணை உடனே நம்பிவிடுதலும் தவறு. எண் விபரீதமாகத் தோன்றியவுடன் எஞ்சினைப் பழித்தலும் தவறு. முதலில் கருவி மெய் சொல்லுகிறதா என்று காண வேண்டும்.

அழுத்திப் பிடிக்கும் கருவியில், ரப்பர் முனை தேய்ந்திருந்தாலும் எண்ணெய்ப் பசை பட்டிருந்தாலும் வழுக்கி, உள்ளதிலும் குறைவான எண்ணைக் காட்டும். தண்டின் முனையையும் ரப்பரையும் துடைத்து, தண்டின் நடுக்குழியில் நேராகப் பிடித்து, முள் நிலைபெறும் வரை பொறுத்தல் வேண்டும். சாய்வாகப் பிடித்தால் எண் அலையும்.

ஒளிக்கருவியில் பிழை பெரும்பாலும் இரட்டிப்பாக நேரும். புல்லியில் ஒரு துண்டே ஒட்டப்பட வேண்டும். பழைய துண்டு ஒன்று எடுபடாமல் இருந்தாலும், புல்லியின் பளபளப்பான கீறல் ஒளியைத் திருப்பினாலும், ஒரு சுற்றை இரண்டாக எண்ணிவிடும். குழல் விளக்கின் கீழ் வைத்து எண்ணினால் மற்றொரு மயக்கம் உண்டாகும். பழைய வகைக் குழல் விளக்கு நமது மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை மின்னுவதால், கருவி புல்லியை விட்டுவிட்டு விளக்கையே எண்ணி 6,000 என்று காட்டுவதுண்டு. ஆகவே வெயிலும் விளக்கும் நேரே படாதபடி நிழல் செய்து அளப்பது நன்று.

சில டிராக்டர்களில் உள்ள சுற்றுமானி, மின்னாக்கியிலிருந்து வரும் மின் துடிப்புகளை எண்ணிச் சுற்றாக மாற்றிக் காட்டுவது. மின்னாக்கியை மாற்றும்போது துருவ எண்ணிக்கை வேறுபட்டால் முள் பொய்யான எண்ணைக் காட்டும். டிராக்டரால் பம்பை ஓட்டுவோர் இதை நினைவில் கொள்ளல் அவசியம்.

கருவியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆரணியில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. அங்குள்ள நான்கு துருவ மின் மோட்டார் ஒன்றைச் சுமையின்றி ஓட்டினால், அது நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றே குறைவாகச் சுழலும். முழுச் சுமையில் ஏறக்குறைய 1,440 சுற்றாக இருக்கும். 1,500-ஐ ஒருபோதும் தாண்டாது. அம்மோட்டாரில் வைத்த கருவி 3,000 என்றால் இரட்டித்து எண்ணுகிறது. 1,300 என்றால் வழுக்குகிறது. இவ்வாறு தெளிந்த பின்னரே கருவியைக் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டும்.

கருவி கிடைக்காதவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுவதில்லை. மந்த வேக எஞ்சினில் பெல்ட்டின் மூட்டைக் கொண்டே சுற்றை அறியலாம். 14 அங்குலப் புல்லியின் சுற்றளவு 44 அங்குலம். பெல்ட்டின் நீளம் 22 அடி, அதாவது 264 அங்குலம் என்றால், பெல்ட்டு ஒரு முறை வலம் வருவதற்குள் எஞ்சின் 6 சுற்றுச் சுற்றும். மூட்டுக்குச் சுண்ணாம்பு தடவி, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஓர் இடத்தைக் குறியாகக் கொண்டு, பின் ஓடவிட்டு, அக்குறியை மூட்டு ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை கடக்கிறதென எண்ணுக. 108 தடவை கடந்தால் 648 சுற்று. எஞ்சின் சரியாக ஓடுகிறது. 95 தடவையே கடந்தால் 570 சுற்று, எஞ்சின் திணறுகிறது. எண்ணுவோர் மேல்துண்டை எடுத்துவிட்டு, வேட்டியை இறுகக் கட்டி, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும்.

புல்லியின் அளவு

எஞ்சினின் சுற்றை எஞ்சின் புல்லியின் குறுக்களவால் பெருக்கி, பம்புப் புல்லியின் குறுக்களவால் வகுத்தால் பம்பின் சுற்று கிடைக்கும். மேற்கூறிய உதாரணத்தில் 650-ஐ 14-ஆல் பெருக்கி 6-ஆல் வகுக்க 1,516 வரும். தட்டைப் பெல்ட்டின் வழுக்கலுக்காக நூற்றுக்கு மூன்று கழித்தால் ஏறக்குறைய 1,470 சுற்று. பம்பின் தகட்டில் 1,450 என்று பொறித்திருந்தால் இப்பொருத்தம் தகும். புல்லியை மாற்றும் போதெல்லாம் இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

சிறிய புல்லியை மாட்டினால் பம்பு வேகமாகச் சுழலும், நீரும் மிகும் என்று எண்ணுவோர் உளர். 6 அங்குலத்துக்குப் பதில் 5 அங்குலப் புல்லியை மாட்டினால், சுற்று ஐந்தில் ஒரு பங்கு மிகும் என்பது மெய்யே. ஆனால் வேண்டும் திறன் 100-க்கு 173 ஆக ஏறிவிடும். முன்பு 5 குதிரைத் திறன் கொண்ட பம்பு இப்போது எட்டரைக்கு மேல் கேட்கும். 6 குதிரைத் திறன் எஞ்சின் அதைத் தரமாட்டாமல் வேகம் தளர்ந்து, கரும்புகை கக்கி, சூடேறும். எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். எஞ்சினின் ஆயுளும் குறையும்.

கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டும் மோட்டார்களிலும் இதே விதி நடக்கிறது. அங்கே நீரைத் தள்ளுவது விசிறி. விசிறியின் இதழ்ச் சாய்வு அளவுக்கு மிஞ்சினால், மோட்டார் தனக்குரிய சுற்றை எட்டாமல் திணறும். சாய்வு குறைந்தால், சுற்று எல்லை கடந்து ஓடும். விசிறியின் சாய்வளவு ஓர் அங்குலம் கூடினால், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை குறையும். அம்மோட்டாரின் சுற்றுமானியும் மின் துடிப்பை எண்ணுவதே. அதன் பின்புறத் திருகு துருவ எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்கப்படாவிடில் பொய்யான எண்ணைக் காட்டும். அதை நம்பி நல்ல விசிறியைக் கழற்றி எறிந்தால் நஷ்டமே மிஞ்சும். படகுக்கு விசிறி எவ்வாறோ, பம்புக்குப் புல்லியும் உட்சக்கரமும் அவ்வாறே. முதலில் எண், பின்பு மாற்றம் என்பதே இரண்டிடத்தும் முறை.

குறையைக் கண்டறியும் வழி

எஞ்சின் தண்டிலும் பம்புத் தண்டிலும் தனித்தனியே சுற்றை எடுத்து, எஞ்சினின் எண்ணைத் தகட்டிலுள்ள எண்ணோடும், பம்பின் எண்ணைப் புல்லிக் கணக்கோடும் ஒப்பிட வேண்டும். நீர் இறைந்துகொண்டிருக்கும் போதே அளத்தல் அவசியம். சுமையற்ற எஞ்சினின் சுற்றால் பயனில்லை.

முதலாவது, எஞ்சினின் சுற்று சரியாக இருந்து பம்பின் சுற்று கணக்கைவிட மிகக் குறைந்தால், பெல்ட்டு வழுக்குகிறது. பெல்ட்டைத் துடைத்து இறுக்க வேண்டும். புல்லி சூடாக இருப்பதும் வழுக்கலின் அறிகுறி; எஞ்சினை நிறுத்திய பின்னரே அதைத் தொட்டுப் பார்க்கலாம். கணக்கும் பம்பின் எண்ணும் ஒத்திருந்து, இரண்டுமே தகட்டு எண்ணுக்குக் குறைவாயின், புல்லியின் அளவே தவறு.

இரண்டாவது, எஞ்சினின் சுற்றுக் குறைந்து கரும்புகை வந்தால், சுமை மிகுந்துள்ளது. பம்புப் புல்லி சிறிதாயிருக்கலாம், உட்சக்கரம் பெரிதாயிருக்கலாம், கிளாண்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். கிளாண்டிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிவதே முறை.

மூன்றாவது, எஞ்சினின் சுற்றுக் குறைந்தும் கரும்புகை இல்லையேல், எண்ணெய் போதிய அளவு போகவில்லை. வடிகட்டி அடைபட்டிருக்கலாம், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், வேகக் கட்டுப்பாட்டின் வில் தளர்ந்திருக்கலாம்.

நான்காவது, எஞ்சினின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து ஓசையும் இலேசாகி நீர் நின்றால், பம்பு காற்றை இழுக்கிறது. புட்வால்வு நீர்மட்டத்துக்கு மேலாக வந்திருக்கலாம். உறிஞ்சு குழாயின் மூட்டுக் கசியலாம்.

ஐந்தாவது, இரண்டு சுற்றுகளும் சரியாக இருந்தும் நீர் குறைந்தால், குறை வேகத்தில் இல்லை. உட்சக்கரத்தில் குப்பை அடைத்திருக்கலாம், சக்கரம் தேய்ந்திருக்கலாம், அதைத் தண்டோடு பிணைக்கும் சாவி நழுவியிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி மாட்டியபோது தவறிக் குறுக்காக மாட்டியிருந்தால், பம்பு எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் சிறிது நீர் வருமாதலால் பிழை எளிதில் விளங்காது. சுற்றுமானி எண்ணிக்கையைக் கூறுமேயன்றித் திசையைக் கூறாது. பம்பின் மேலுள்ள அம்புக்குறியைக் கண்ணால் பார்த்தே தெளிய வேண்டும்.

வேகத்தால் தீராத குறை ஒன்றும் உண்டு. பம்பு தனக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சுவது காற்றின் அழுத்தத்தாலேயாகும். கணக்கின்படி அதன் எல்லை ஏறக்குறைய 34 அடி. நடைமுறையில் 20 முதல் 25 அடிக்குமேல் எதிர்பார்த்தலாகாது. நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால், எத்தனை வேகமாக ஓட்டினும் நீர் வராது. பம்பைக் கீழே இறக்குவதே வழி. ஆயின் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் கூடவே கூடாது. எஞ்சினின் புகையிலுள்ள நச்சுக் காற்றுக்கு நிறமும் மணமும் இல்லை. ஓடும் எஞ்சினைப் பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் ஒருங்கே மாய்வர். புகைக்குழாயை மேலே நீட்டியிருப்பதும் காப்பாகாது.

நீரையும் எண்ணெயையும் அளத்தல்

திருத்தம் செய்த பின்னர் அதன் பயனை அளந்து பார்த்தல் வேண்டும். 200 லிட்டர் பீப்பாயைக் குழாயின் வாயில் வைத்து, அது நிறையும் நேரத்தைக் குறிக்க. 20 விநாடியில் நிறைந்தால் நிமிஷத்துக்கு 600 லிட்டர். 30 விநாடியானால் 400 லிட்டர். ஓர் ஏக்கரில் இரண்டு அங்குலம் நீர் கட்ட ஏறக்குறைய 2,05,000 லிட்டர் வேண்டும். முதல் நிலையில் இதற்கு ஐந்தே முக்கால் மணி நேரமும், இரண்டாம் நிலையில் எட்டரை மணி நேரமும் ஆகும். மணிக்கு ஒரு லிட்டர் டீசல் என்று கொண்டாலும், ஒரு பாய்ச்சலில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வீண். நவரை நெல்லுக்குப் பல தடவை நீர் பாய்ச்ச வேண்டியிருப்பதால், ஓர் அங்குலப் புல்லிப் பிழை பட்டம் முழுவதும் பணத்தை அரித்துக்கொண்டே இருக்கும். நிலக்கடலைக்கு விழுது இறங்கும் பருவத்தில் நீர் தாமதித்தால், அந்நஷ்டத்தை டீசல் கணக்கோடு மட்டும் நிறுத்திவிட முடியாது.

ஆகையால், ஒவ்வொரு நில உடைமையாளரும் தம் எஞ்சினின் தகட்டுச் சுற்று, இரு புல்லிகளின் குறுக்களவு, பெல்ட்டின் நீளம், பீப்பாய் நிறையும் நேரம் ஆகிய நான்கையும் எஞ்சின் கொட்டகையின் சுவரில் எழுதி வைத்தல் நன்று. நல்ல நாளில் எழுதிய எண்தான் கெட்ட நாளில் குறையைக் காட்டும். கிணறு வற்றியதென்றும் ஆழப்படுத்தக் கடன் வேண்டுமென்றும் குடியானவர்கள் வந்து சொல்லும்போது, கிராம உத்தியோகஸ்தர்கள் நீர்மட்டத்தை அளப்பதோடு, பம்பின் சுற்றை எண்ணிப் பார்த்தீர்களா என்றும் கேட்டல் வேண்டும். கிணற்றில் நீர் இருந்தும் பயிர் வாடுமாயின், வெடி வைக்குமுன் புல்லியை அளக்கச் சொல்லுவதே அவர்கள் அக்குடியானவருக்குச் செய்யும் பேருதவியாகும்.